ஆற்றில் இறங்காமல் காப்பாற்றுவது

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தை ஒரு கரையிலும் மற்றப் பீடங்களை மறு கரையிலும் விட்டு ஓடிவரும் மகாவலி, தாவரவியல் பூங்காவை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு கெட்டம்பே நோக்கித் திரும்புகிறது. பாலத்தில் நின்று பார்த்தால் சாதுவான ஆறு. வெயில் காலத்தில் நடுவே பாறைகள் தலைகாட்டும். குளிக்க வருகிறவர்கள் அவற்றைக் குறிவைத்தே இறங்குவார்கள். மேலே கொத்மலை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறந்தால், இங்கே ஒரு துளி மழை இல்லாவிட்டாலும் நீர்மட்டம் ஏறும். மணல் அள்ளிய இடத்தில் முழங்காலளவுத் தண்ணீரில் நிற்பவர் அடுத்த அடியில் நிலைகொள்ளாமல் போவார். 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயலின்போது, இதே ஆறு கம்பளையிலும் பேராதனையிலும் கரை தாண்டி வந்தது. இந்தக் கரையைப் பார்த்த பிறகு எனக்கு உறுதிப்பட்டது இது: உயிர்காப்பாளர் பயிற்சி கடற்கரைக்கும் ஹோட்டல் நீச்சல் தடாகத்துக்கும் உரிய வேலைத் தகுதியாக நின்றுவிடக் கூடாது, ஆற்றங்கரையில் அன்றாடம் நிற்கிற மனிதர்களிடம் அது போய்ச் சேர வேண்டும்.

உலகில் 2021இல் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இலங்கையில் ஆண்டுக்கு 800 பேரளவில் இப்படி இறக்கிறார்கள் என்பது 2014இல் வந்த, நீரில் மூழ்குதலைத் தடுப்பது பற்றிய அறிக்கையின் சராசரி. இவர்களில் பெரும்பாலோர் இறந்தது கடலில் என்று நினைத்தால் தவறு. ஆறு, குளம், கிணறு, வாய்க்கால், அருவி ஆகியவையே முன்னால் நிற்கின்றன. ஆனால் நம் நாட்டில் சிவப்பும் மஞ்சளும் உடுத்த உயிர்காப்பாளரை எங்கே பார்க்கிறோம்? கல்கிசையில், உனவட்டுனவில், அறுகம்பையில். பொலிஸ் உயிர்காப்புப் பிரிவும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் அங்கே நல்ல வேலை செய்கின்றன. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மலைநாட்டு ஆற்றங்கரைக்கு வந்தால் நம்மை வரவேற்பது, ‘ஆபத்தான இடம், நீராடாதீர்கள்’ என்ற பலகை மட்டும்தான். பலகை நல்லது. அதைத் தாண்டி இறங்கியவரை இழுத்துப் போட அதனால் முடியாது.

பயிற்சியில் என்னதான் கற்றுத்தருகிறார்கள்? பலர் நினைப்பதுபோல் நீச்சல் இதன் பாடம் இல்லை, நுழைவாயில். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பயிற்சியில் சேரவே, ஏறக்குறைய 18 மீற்றர் நீந்திப்போய், மூழ்கி, அடியில் கிடக்கும் நாலரைக் கிலோ எடையை எடுத்து, மார்போடு அணைத்தபடி மல்லாந்து நீந்தித் திரும்பி, ஏணியைத் தொடாமல் கரையேற வேண்டும். எல்லாம் 1 நிமிடம் 40 விநாடிக்குள். அதற்குப் பிறகுதான் பாடம் ஆரம்பம். முதல் பாடம் கண்ணுக்கு. நியூயோர்க்கின் ஓர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா, மூழ்குகிறவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து சொன்னது இன்று பல பயிற்சிகளிலும் இருக்கிறது. உண்மையில் மூழ்குகிறவர் கூச்சலிடுவதில்லை. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் கணத்தில் மூச்சிழுக்கவே நேரம் போதாது. கையை அசைத்து உதவி கேட்பதும் இல்லை. இரு கைகளும் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்துகின்றன. உடல் நிமிர்ந்து நிற்கிறது, கால் உதைப்பதில்லை. இருபதிலிருந்து அறுபது விநாடிக்குள் ஆள் மறைந்துவிடுகிறார். சினிமாவில் பார்த்த அலறலுக்காகக் காத்திருக்கிற கரை, பக்கத்திலேயே நடக்கும் சாவைக் காணாது.

அடுத்த பாடம் இன்னும் கடினம்: பாயாமல் இருப்பது. முதலில் கரையில் படுத்து கையையோ கழியையோ நீட்டு. எட்டாவிட்டால் மிதக்கும் எதையாவது எறி. அதன் பிறகே படகு. நீந்திப் போவது கடைசி. கயிற்றுப் பையை எறிவதைப் பார்த்தால் இது கைத்தொழில் என்பது விளங்கும். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பையை ஆளின் தலைக்கு மேலாக வீச வேண்டும். கயிறு அவர் தோளில் விழ வேண்டும். முன்னால் விழுந்தால் ஆறு அதைக் கொண்டுபோய்விடும். எறிந்தவர் உடனே உட்கார்ந்து காலை ஊன்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இழுவை அவரையும் சாய்த்துவிடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. நீந்திப் போக நேர்ந்தாலும் மிதவையைத் தனக்கும் அவருக்கும் இடையில் வைத்துத்தான் அணுக வேண்டும். ‘காப்பாற்றச் சென்றவரும் பலி’ என்ற செய்தி நம் பத்திரிகைகளில் எத்தனை முறை வருகிறது! அண்ணனைப் பிடிக்கத் தம்பி, மகனைப் பிடிக்கத் தகப்பன். அவர்களிடம் அன்பு குறைவாக இருக்கவில்லை. ஒரு கயிறும் அதை எறியும் பழக்கமும் இருக்கவில்லை.

கரைக்குக் கொண்டுவந்த பிறகும் நம்மவர் கை தவறான இடத்துக்குப் போகிறது. தலைகீழாகத் தூக்குவதும், வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுப்பதும் ஊர்வழக்கம். மூழ்கியவருக்கு இல்லாமல்போனது ஒட்சிசன். ஐரோப்பிய வழிகாட்டல்படி, மூச்சு இல்லாதவருக்கு முதலில் ஐந்து முறை வாய்வழி மூச்சு, பிறகு முப்பது மார்பழுத்தமும் இரண்டு மூச்சும் மாறிமாறி, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது என்ற வேகத்தில். வயிற்றை அழுத்தினால் உள்ளே இருப்பது மேலே வந்து சுவாசக்குழாயில் இறங்கும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். வரும்வரையுள்ள நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவருடையவை.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு, சில நியாயமானவையும்கூட. பயிற்சி அசட்டுத் துணிச்சலைத் தரும் என்பார்கள். நீச்சல் மட்டும் கற்றவரைப் பற்றி அந்தப் பயம் எனக்கும் உண்டு. பாயாமல் இருக்கப் பழக்குகிற பயிற்சி அதற்கு மருந்து. ஆற்றோரத்தில் பிறந்தவருக்கு வகுப்பு எதற்கு என்பது இன்னொன்று. மணல் அள்ளும் தொழிலாளிக்குச் சுழி எங்கே, குழி எங்கே என்று தெரியும், அந்த அறிவை எந்தத் தடாகமும் தராது. ஆனால் மார்பழுத்தத்தை ஆறு அவருக்குக் கற்றுத்தந்திருக்காது. தடாகத்தில் வாங்கிய சான்றிதழ் ஓடும் ஆற்றில் செல்லாது என்பதுதான் வலுவான மறுப்பு. அதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். 1891இல் லண்டனில் தொடங்கிய உயிர்காப்புச் சங்கத்தின் வெண்கலப் பதக்க மரபில் வந்த பயிற்சிகள் அமைதியான நீரிலேயே பெரிதும் நடக்கின்றன. ஆகவே இங்கே இரண்டு கட்டம் வேண்டும்: அடிப்படை தடாகத்தில், அடுத்தது கரையில், கயிறோடு. அந்த இரண்டாம் கட்டத்தில் பயிற்றுநருக்குப் பக்கத்தில் மணல் தொழிலாளி ஒருவர் சம்பளத்தோடு நிற்க வேண்டும். தோட்டத்து இளைஞர் கழகங்கள், சுற்றுலாக் கூட்டத்தை அருவிக்கு ஏற்றிவரும் வான் சாரதிகள், கரையோரக் கடைக்காரர்கள் ஆகியோருக்கு முதலிடம். நீந்தத் தெரியாதவருக்குக் கயிறும் மார்பழுத்தமும் மட்டும் கற்றுத்தந்தால் போதும். அதற்குத் தடாகமே தேவையில்லை, பாடசாலை மண்டபமும் ஒரு மைதானமும் போதும். மார்பழுத்தப் பழக்கம் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும் என்பதால், ஆண்டுக்கொரு முறை மீட்டல் வகுப்பையும் பிரதேச சபை தன் வரவுசெலவுத் திட்டத்தில் முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும். எச்சரிக்கைப் பலகை நட்ட கம்பங்களில் கயிற்றுப் பைகளைத் தொங்கவிடும் செலவையும் அதோடு சேர்த்து.