மிஸ்ஸியம்மாவும் நாமும்

1955-ஆம் ஆண்டு எல். வி. பிரசாத் டைரக்ட் செய்த 'மிஸ்ஸியம்மா'வைக் கண்டு நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். பள்ளிக்கூட உபாத்தியாயர் வேலைக்குத் தம்பதிகளே வேண்டுமென்கிறார் ஒரு ஜமீன்தார். வேலையற்ற பாலுவும் கிறிஸ்துவப் பெண் மேரியும் பிழைப்பிற்காகக் கணவன் மனைவியாய் நடிக்கின்றனர். பட்டத்தினும் கலியாணமே பெரிய யோக்கியதாபத்திரமென்னும் சமூகத்தை இதனினும் நயமாய்ப் பரிகசித்தல் அரிது.

ஆனால், பொய் வாழ்வில் மெய்க்காதல் முளைத்தபின் நிகழ்வதென்ன? மேரி, காணாமற்போன ஜமீன்தார் மகளே என்று தெரியவருகிறது, மணமும் நிறைவேறுகிறது! மதத் தடையைத் தகர்க்கப் புறப்பட்ட கதை, அத்தடையே இல்லையெனக் காட்டித் தப்பிக்கொண்டது. சாவித்திரியின் நடிப்பை மெச்சுகிறோம், முடிவை மெச்சோம்.

நேயர்களே! நம்மிடையே வாழும் மேரிகளுக்கு ஜமீன்தார் தந்தை அகப்படப்போவதில்லை. மனிதப் பிறப்பே போதுமென்று நாம் துணிந்து கூறினாலன்றி அவர்களுக்கு வேறு வழியேது?