சுவரோரத்து இடைவெளி

வீட்டிலே நாம் ஓயாது தொட்டுக்கொண்டிருப்பதும், அரிதாக மட்டுமே எண்ணிப் பார்ப்பதும் தரையைத்தான். கால் இடறும்போதே கண் கீழே போகிறது.

ரொறன்ரோவில் எமது வீட்டுக் கூடத்தில் தடித்த கம்பளம் விரிக்கப்பட்டிருந்தது. எண்பது வயதைக் கடந்த ஐயாவின் வோக்கர் அதிலே சிக்கிச் சிக்கி நின்றது. இருமுறை அவர் விழப் பார்த்தார். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் முன்போல் எழுந்து நடப்பது எளிதன்று. ஆகவே கம்பளத்தை அகற்றி, மரத்தரையை நாமே இடுவதென்று கணவனும் மனைவியுமாக முடிவு செய்தோம்.

நாம் தெரிவுசெய்தது ‘மிதக்கும் தரை’ எனப்படும் வகை. கீழ்த்தளத்தோடு ஆணியாலோ பசையாலோ பிணைக்கப்படாதது என்பதே அதன் பொருள். மெல்லிய நுரை விரிப்பின்மேல், பலகைகள் ஒன்றோடொன்று மட்டுமே பூட்டிக்கொண்டு கிடக்கின்றன. பலகையும் ஒரே மரமன்று. மேலே ஓக் மரத்தின் மெல்லிய படலம்; கீழே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள். ஓர் அடுக்கு விரிய முயன்றால் மற்றது இழுத்துப் பிடிக்கும். பசையின்றிப் பூட்டும் முறை 1990களின் பிற்பகுதியிலிருந்து பரவியது.

பலகைகளைக் கூடத்தின் காற்றுக்குப் பழகுமாறு இரண்டு நாட்கள் பெட்டியோடு கிடத்தினோம். ஐயா ஊரிலே மேசனாக இருந்தவர். சீமெந்துத் தரை இழைத்துப் பழகிய கை. நூல் பிடிக்கச் சொல்லி, நாற்காலியில் இருந்தபடியே கீழ்த்தளத்தின் பள்ளங்களைச் சுட்டிக் காட்டினார். அவற்றை நிரப்பி மட்டமாக்கினோம். வரிசைக்கு வரிசை பொருத்துகள் நேருக்கு நேர் வராதவாறு பலகைகளை மாற்றி மாற்றி அடுக்கினோம்.

சுவரோரம் 10 மில்லிமீற்றர் இடைவெளி விட்டபோதுதான் ஐயாவின் முகம் மாறிற்று. “ஆணியுமில்லை, பசையுமில்லை, சுவரிலும் முட்டவில்லை. இது எப்படி நிற்கும், பிள்ளை?” என்றார்.

மரம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் பொருள். இங்கே மாரியில் வீட்டைச் சூடாக்குவதால் காற்று வறண்டு, பலகை சுருங்கும். கோடையின் ஈரத்தில் விரியும். விரிய இடமின்றிச் சுவரில் முட்டினால் நடுக்கூடத்தில் மேடாக எழும்பும். அந்த மேட்டிலே முதலில் இடறப்போவது அவருடைய கால்தான் என்று சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “பெரிய கூடமென்றால் நாங்களும் சீமெந்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் போடுவோம், இல்லையெனில் வெடிக்கும்” என்றார். அதன்பின் மறுப்பில்லை. இடைவெளியை மறைக்கும் அடிப்பலகையைச் சுவரிலே மட்டும் அறையுமாறு அவரே நினைவூட்டினார்.

தளர்ந்தோரைப் பேணும் வீடுகளில் அன்பு இறுகப் பிடிப்பதாகவே பெரும்பாலும் வெளிப்படுகிறது. விழுந்துவிடுவாரோ என்ற அச்சம் கையைப் பற்றச் செய்கிறது. பற்றிய கையோ அவர் தாமாக நடக்கும் துணிவையும் மெல்லக் குறைக்கிறது. முற்றாக விட்டுவிடவும் முடியாது. தரையைத் தாங்குவது கீழ்த்தளம். அது ஓரங்குலமும் விலகுவதில்லை. இடம் விடப்படுவது ஓரத்தில் மட்டுமே. இப்போது ஐயா கூடத்தில் நடக்கையில் நாம் கையைப் பிடிப்பதில்லை. கை எட்டும் தொலைவில் உடன் நடக்கிறோம். அந்தத் தொலைவைச் சரியாக அளக்க ஒவ்வொரு நாளும் பழகிக்கொண்டிருக்கிறோம்.