ஐம்பத்தைந்து அங்குலம்

எங்கள் ஊருக்கு டீவி வந்த கதையை எழுதப் புகுந்தால் அது பற்றரியின் கதையாகத்தான் முடியும். ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரியில். கற்பிட்டிக் கரையோரத்து எங்கள் சிற்றூருக்கு மின்கம்பம் வர அதன் பின்னும் நெடுங்காலம் பிடித்தது. அதுவரை ஊரில் இருந்த ஒரேயொரு 14 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி லொறிப் பற்றரியில்தான் ஓடியது. 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது அந்தப் பெட்டிக்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர் குந்தியிருந்தோம். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்தார். பந்து யார் கண்ணுக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் சொன்னார்கள், பின்வரிசையில் இருந்தவர்கள் நம்பினார்கள்.

இன்று என் தங்கை வீட்டில் இருப்பது 55 அங்குல டீவி. கட்டாரில் ஒன்பது வருடங்களாக வேலை செய்யும் மச்சான் கார்கோவில் அனுப்பியது. 4கே என்று அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதை அனுப்பும்போது அவர் தொலைபேசியில் என் உம்மாவிடம், "மாமி, நீங்க நோன்புல மக்கத்துத் தராவீஹ் பாக்கத்தான் இது" என்றிருக்கிறார். அன்றிரவே மகனிடம், "ஓ/எல் நல்லாச் செஞ்சீங்க, இது உங்களுக்குத்தான்" என்றும் சொல்லியிருக்கிறார். தூரத்தில் இருக்கும் மனிதர் வேறென்ன செய்வார்? வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு முழு டீவியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு. அனுப்ப முடிந்ததோ ஒன்றுதான்.

பையன் முந்திக்கொண்டான். ஹோலில் இருந்த டீவியைத் தன் அறைக்குத் தூக்கிப்போய் மேசையில் வைத்து, பழைய கொம்பியூட்டரை அதில் பொருத்தி விளையாடத் தொடங்கிவிட்டான். உம்மாவுக்கு ஒரு கண்ணில் மட்டும் கட்டரக்ட் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. மற்றக் கண்ணுக்குத் தவணை வரவில்லை. ஹோலில் அதற்குப் பதிலாக வைத்த பழைய சின்னப் பெட்டியில் கஃபாவும் ஒரு கறுப்புப் புள்ளி, இமாமும் ஒரு வெள்ளைப் புள்ளி. உம்மா குறை சொல்லும் சாதியில்லை. டீவியின் சத்தத்தைக் கூட்டி ஓதலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் தங்கைக்குத் தாங்கவில்லை.

"நானா, நீங்க கணக்குப் படிப்பிக்கிற ஆள்தானே. ஒருக்கா வந்து உங்கட மருமகன்ட்ட என்னெண்டு கேளுங்க" என்றாள்.

கேட்டேன். அவன் ஒழுங்காகவே பதில் சொன்னான். "மாமா, பெரிய ஸ்க்ரீன்ல எதிரி நல்லாத் தெரியும். 4கே, அதால கிளியர்." ஒரு பிள்ளை காரணம் சொன்னால் அந்தக் காரணத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பதே கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம். மறுநாள் பின்னேரம் அளவுநாடாவோடு போனேன்.

கொம்பியூட்டரை டீவியில் மாட்டுவது புதுமையான காரியமல்ல. ரூபவாஹினி பிறந்த அதே 1982இல் பிரித்தானியாவில் வெளிவந்த சின்க்ளெயர் ஸ்பெக்ட்ரம் என்ற சிறு கொம்பியூட்டருக்குச் சொந்தத் திரையே கிடையாது. வீட்டு டீவியில்தான் மாட்ட வேண்டும். அதற்கும் முன்னே, 1958இல், அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்பொதம் என்ற பௌதிகவியலாளர் பார்வையாளர்களை மகிழ்விக்க ஒரு டென்னிஸ் விளையாட்டைச் செய்தார். அதன் திரை அலைகாட்டிக் கருவியின் ஐந்து அங்குல வட்டம். சனம் வரிசையில் நின்று விளையாடியதாம். ஆக, விளையாட்டின் சுவை திரையின் அங்குலத்தில் மட்டும் இருந்ததில்லை.

இனிக் கணக்கு. 4கே திரையில் குறுக்காக 3840 புள்ளிகள், நெடுக்காக 2160. மொத்தம் ஏறத்தாழ 83 இலட்சம். சாதாரண 1920க்கு 1080 திரையைப் போல் சரியாக நான்கு மடங்கு. 55 அங்குலம் என்பது மூலைவிட்டம். அகலம் சுமார் 122 சென்ரிமீற்றர். 3840ஆல் வகுத்தால் ஒரு புள்ளியின் அகலம் 0.32 மில்லிமீற்றர். நல்ல கண், பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறியும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் இந்தப் புள்ளிகள் ஏறக்குறைய 1.1 மீற்றருக்கு அப்பால் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதைவிடத் தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு 4கேயின் முழுப் பயனும் கிடைக்காது.

பையனின் கதிரை திரையிலிருந்து 75 சென்ரிமீற்றரில் இருந்தது. அப்படியானால் அவனுக்கு 4கேயின் பயன் கிடைத்திருக்க வேண்டுமே? இல்லை. அவனுடைய கிராஃபிக்ஸ் அட்டை புத்தளத்தில் வாங்கிய பாவித்த சாமான். நான்கு மடங்கு புள்ளிகளை வரைவதற்கு அதற்கு மூச்சில்லை. 4கேயில் படம் விக்கி விக்கி நடந்தது. அதனால் அவன் விளையாட்டை 1080க்குக் குறைத்து வைத்திருந்தான். டீவி ஒவ்வொரு புள்ளியையும் இரண்டுக்கு இரண்டாகப் பெருப்பித்துக் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு புள்ளி 0.63 மில்லிமீற்றர். சாதாரண 24 அங்குலத் திரையில் இதே படத்தின் புள்ளி 0.28 மில்லிமீற்றர்தான். அதாவது எங்கள் பாடசாலைக் கணினி அறையில் உள்ள திரையைவிடக் கரடுமுரடான படத்தைத்தான் அவன் 4கே என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோணத்தையும் அளந்தோம். 75 சென்ரிமீற்றர் தூரத்தில் 122 சென்ரிமீற்றர் அகலம் கண்ணுக்கு ஏறத்தாழ 78 பாகை. 24 அங்குலத் திரையை 60 சென்ரிமீற்றரில் வைத்தால் 48 பாகை. அவன் விளையாடும் கவுண்டர் ஸ்ட்ரைக்கில் எதிரி இருக்குமிடம் காட்டும் சிறு வரைபடம் இடப்பக்க மேல்மூலையில் இருக்கிறது. அதைப் பார்க்க அவன் ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் திருப்பினான். "இப்ப திருப்பினீங்க" என்று நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினேழாவது தடவையில் அவனே சிரித்துவிட்டான். இந்த விளையாட்டைத் தொழிலாக ஆடுபவர்கள் 24, 25 அங்குலத் திரைகளையே பாவிக்கிறார்கள் என்பது அவனுக்கும் தெரியும். அவர்களுடைய திரை செக்கனுக்கு 240 தடவையோ அதற்கு மேலோ படத்தைப் புதுப்பிக்கும். மச்சானின் டீவி 60 தடவை. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அங்கே நான்கு மில்லி செக்கன், இங்கே பதினேழு.

ஒரு விடயத்தில் டீவிக்கு உதவி செய்ய முடிந்தது. டீவி என்பது வருகிற படத்தை அப்படியே காட்டும் சாதனமல்ல. அழகுபடுத்தி, மெருகு பூசித்தான் காட்டும். சில டீவிகளில் இந்த அலங்காரம் முடிய 100 மில்லி செக்கனுக்கு மேல் ஆகிவிடும். மவுஸை அசைத்த பின் துப்பாக்கி அசைவதில் அவன் கண்ட தாமதம் அதுதான். கொம்பியூட்டர்தான் பழசென்று அவன் பழி சொல்லிக்கொண்டிருந்தான். அமைப்புகளுக்குள் போய் 'கேம் மோட்' என்பதைப் போட்டதும் தாமதம் குறைந்தது. எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசிந்து தெரிந்ததற்கு, அந்த இணைப்பைக் கொம்பியூட்டர் என்று டீவிக்கு அறிவித்ததும் பரிகாரம் கிடைத்தது. கேபிளும் பழசு. 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 வகை 4கேயைச் செக்கனுக்கு 30 தடவைதான் கடத்தும். 60க்கு 2013இல் வந்த 2.0 வேண்டும். அதன் முனையில் எங்கள் உப்புக்காற்று பச்சை பிடிக்க வைத்திருந்தது வேறு கதை.

பிறகு நான் கேட்டேன், "இதே 1080 படம் எவ்வளவு தூரத்தில புள்ளி தெரியாமப் போகும்?" அவனே வகுத்தான். இரண்டு மீற்றருக்குச் சற்று மேல், 2.2. அவனது அறையில் கட்டிலை வெளியே எறிந்தாலும் அந்தத் தூரம் கிடைக்காது. ஹோலில் உம்மாவின் சாய்மனைக் கதிரையிலிருந்து சுவர் வரை அளந்தோம். ஏழரை அடி.

அன்று மஃரிபுக்குப் பிறகு இருவருமாக டீவியை ஹோலுக்குத் தூக்கினோம். அறைச் சுவரில் ஒரு துளையிட்டு மூன்று மீற்றர்ப் புதுக் கேபிளை இழுத்தோம். அதே பழைய அட்டை, அதே 1080, கால்பந்தாட்டம். பாயில் சாய்ந்து பார்த்தபோது புல்லின் கோடு கூடத் தெளிவாகத் தெரிந்தது. அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மாமா, இது நல்லாவே இருக்கு" என்றான். உம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இதுல நம்மட புள்ள எவன்?" என்று கேட்டார். "நீலச் சட்டை, உம்மும்மா." "எல்லாரும் நீலந்தானே." "பந்து வச்சிருக்கிறவன்." அப்போது பந்து போய்விட்டது.

கவுண்டர் ஸ்ட்ரைக் ஹோலுக்குச் சரிவராது. அதற்கு மேசையும் கிட்டத்தில் ஒரு சிறு திரையும் வேண்டும். அதுவரை எங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்த 19 அங்குலத் திரையைக் கொடுத்திருக்கிறேன். முகம் கோணித்தான் வாங்கினான். பாவித்த 24 அங்குலத்துக்குக் காசு சேர்க்கிறான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு இறக்குமதிச் சாமான்களின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. என் சம்பளமும் அதை எட்டிப் பிடிக்கவில்லை. சின்னத் திரை மின்சாரத்தையும் குறைவாகக் குடிக்கும். எங்கள் கண்ணெதிரே நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலையம் புகைபோக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதற்காக எங்களுக்கு யாரும் கரண்டை இலவசமாகத் தருவதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணித்தியாலம் வெட்டியபோது எங்களுக்கும் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடு முழுவதும் இருண்டபோது நாங்களும் இருளில்தான் இருந்தோம்.

நோன்பு மாதத்தில் இரவு உம்மாவுக்கு, தராவீஹ் நேரலை முடிந்த பிறகு அவனுக்கு என்று ஒழுங்கு ஆகியிருக்கிறது. மச்சான் தொலைபேசியில், "டீவி எங்க வச்சிருக்கு?" என்று கேட்டால் உம்மாவும் பேரனும் ஒன்றாகவே "ஹோல்ல" என்கிறார்கள்.

தங்கைக்கு என் மீது இன்னும் கோபம். அவள் என்னை அழைத்தது விளையாட்டை நிறுத்த; நான் போய் அதைத் தெளிவாகத் தெரியச் செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்கிறாள். எத்தனை மணிக்கு நிறுத்துவதென்பது தாயும் தகப்பனும் பேசித் தீர்க்க வேண்டிய காரியம். அளவுநாடாவால் அதை அளக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப என்னத்துக்கு அதக் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, தேநீரை மட்டும் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.