பிள்ளையார் பிடிக்கப் போய்...

புதுச்சேரிக்குப் போனால் கடற்கரை, ஆசிரமம், மணக்குள விநாயகர் கோயில், இந்த மூன்றையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவதுதான் நம் வழக்கம். நானும் இத்தனை வருஷமாக அப்படித்தான் செய்தேன். இந்தத் தடவை தங்கையின் வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்ததால், அவளுக்குத் துணையாக இரண்டு வாரம் தங்கும்படி ஆயிற்று.

மறுநாளே, "அக்கா, நீயும் என்னோட வா. வீட்ல தனியா உட்கார்ந்து என்ன பண்ணப் போறே?" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன இடம் ஒரு பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டு. நுழைந்ததுமே ஈர மண் வாசனை. ஆறு சக்கரங்கள், சுவர் நெடுகப் பலகைத் தட்டுகள், கொல்லையில் ஒரு மின்சாரச் சூளை. கடையும் அல்ல, பள்ளிக்கூடமும் அல்ல. பதினைந்து பேர் சேர்ந்து மாதச் சந்தா போட்டு நடத்துகிறார்கள். சூளை ஒன்று வாங்கித் தனியாக வைத்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? பத்துக் குடித்தனத்துக்கு ஒரே கிணறு இருந்த காலம் எனக்கு ஞாபகம் வந்தது. கிணற்றடிச் சண்டையும் உண்டாம்! "என் மண்ணை யார் எடுத்தது?", "வாளியைக் கழுவாமல் போனது யார்?" என்று.

ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி ஒருவர் டீக் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தார். கல்லூரி மாணவி ஒருத்தி, மீனா மரமா என்று எனக்குப் புரியாத ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். வில்லியனூரிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் பரம்பரையாக மண் வேலை செய்கிறவர். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, தெரியுமோ? இன்னொரு மூலையில் ஓர் இளம் பெண். மூன்று வயதுக் குழந்தையைப் பால்வாடியில் விட்டுவிட்டு, அது திரும்புவதற்குள் இரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு ஓடுவாள். ஓர் ஓட்டலுக்கு எட்டுக் கிண்ணங்கள். அதுதான் அவளுடைய முதல் ஆர்டர்.

இந்த ஊருக்கு இந்த மண் ஆசை பிடித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1971-ல் இங்கே 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் பிஸென் என்ற ஊரில் தொழில் கற்றவர். இவர்களிடம் பயின்றவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். புதுச்சேரியையும் ஆரோவில்லையும் சுற்றிச் சின்னச் சின்னக் கூடங்கள் முளைத்தது அப்படித்தான். அவர்கள் செய்தது ஸ்டோன்வேர். நம் தண்ணீர்ப் பானை குறைந்த சூட்டில் வெந்தது. அது கசியும், அதனால்தான் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. ஸ்டோன்வேரையோ 1,250 டிகிரி போலச் சுடுகிறார்கள். மண் கல்லாக இறுகிச் சொட்டு நீரும் புகாது.

"அப்படின்னா ஊறுகாய்க்கு நல்லதுதானே?" என்று கேட்டேன்.

"நல்லதுதாம்மா. மேல பூசற கிளேஸ்ல ஈயம் இல்லாம இருக்கணும்" என்றார் பாங்க்காரர். குறைந்த சூட்டிலேயே கிளேஸ் உருகவேண்டும் என்று சிலர் ஈயம் சேர்ப்பார்களாம். எலுமிச்சை, புளி, தயிர் என்று புளிப்புப் பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாக உணவில் இறங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். ஆகவே, பளபளவென்று வர்ணம் அடித்த பாத்திரத்தைச் சந்தையில் பார்த்தால், சாப்பாட்டுக்கு ஏற்றதா, ஈயம் கலக்காததா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதில் பூ வைத்துக்கொள்ளலாம்.

இங்கே யாரும் துடைப்பம் எடுப்பதில்லை. காய்ந்த களிமண் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல் என்று ஈரத் துணியால்தான் துடைக்கிறார்கள். அந்த இளம் பெண்ணும் மேலே போட்டிருக்கும் வேலைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் குழந்தையை அழைக்கப் போவாள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். சக்கரம் எனக்குச் சுற்றவே இல்லை. மண்ணை நடுவில் நிறுத்தப் பார்த்தால் அது என்னையே ஆட்டி வைத்தது. ஆகவே கையாலேயே ஒரு சாண் உயரத்தில் ஒரு பிள்ளையார் பிடித்தேன். தொப்பை பிரமாதமாக வந்தது.

"உள்ளே குடைஞ்சு எடுத்துடுங்கம்மா. கட்டியா இருந்தா காயாது" என்றார் வில்லியனூர்ப் பெரியவர். கொஞ்சம் குடைந்தேன். தொப்பையைக் குடைய மனசு வரவில்லை. ஐந்து நாள் கழித்து, "கன்னத்துல வச்சுப் பாருங்க. சில்லுனு இருந்தா உள்ளே ஈரம் இருக்குன்னு அர்த்தம்" என்றார். வைத்துப் பார்த்தேன். லேசாகச் சில்லென்றுதான் இருந்தது. ஆனால் சனிக்கிழமை ஊர் திரும்ப டிக்கெட் எடுத்தாயிற்று. அடுத்த சூளையோ பத்து நாள் கழித்துத்தான்.

சூளை அடுக்கிய பாங்க்காரர், "காஞ்சாச்சாம்மா?" என்று கேட்டார்.

"ஆச்சு சார்" என்றேன்.

இரண்டாம் நாள் சூளையைத் திறந்தார்கள். பிள்ளையார் இல்லை. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் தொப்பையைப் பிளந்து வெடித்திருக்கிறது. பக்கத்தில் இருந்த எட்டுக் கிண்ணங்களில் மூன்று உடைந்து கிடந்தன.

அந்தப் பெண் ஒவ்வொரு சில்லாக எடுத்துப் பார்த்தாள். "யாரோடது வெடிச்சுது?" என்றாள். யாரும் வாய் திறக்கவில்லை. தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னுதும்மா. கன்னத்துல வச்சப்பவே சில்லுனுதான் இருந்துது. தெரிஞ்சேதான் கொடுத்துட்டேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், சட்டையைக் கழற்றினாள், பால்வாடிக்குப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. காலையில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, பணத்தோடு அவளிடம் போனேன்.

"காசு வேண்டாம்க்கா, எனக்குக் கிண்ணம்தான் வேணும். ஓட்டல்காரர்கிட்ட பத்து நாள் கேட்டிருக்கேன். நீங்க மண்ணைப் பிசைஞ்சு குடுங்க. பாப்பாவையும் கூட்டிட்டு வந்து வச்சுக்குங்க. எனக்கு ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும்" என்றாள். குரலில் கோபம் இன்னும் போகவில்லை. போகவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன நியாயம் இருக்கிறது?

பால்வாடி ஆயாவிடம் அவளே சொல்லி வைத்தாள். நாலு நாள் காலையில் மண் பிசைந்தேன். சப்பாத்தி மாவு மாதிரிதான், ஆனால் பத்து மடங்கு கனம், தோள்பட்டை கழன்றுவிடும். மத்தியானம் பாப்பாவைத் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாதம் ஊட்டினேன். ரசம் என்றால் உயிர் அதற்கு. காய்ந்து வெந்து முடிவதற்குள் மண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். பழைய ஐந்தோடு புதியவை ஜோடி சேரவேண்டுமே! அவள் ஈர்க்குச்சியால் அளந்து அளந்து நாலு கிண்ணம் செய்தாள். மூன்றுக்கு நாலு, ஒன்று போனாலும் பரவாயில்லை என்று.

சூளை திறக்கும்போது நான் ஊரில் இல்லை. தங்கை போட்டோ அனுப்பியிருந்தாள். எட்டுக் கிண்ணமும் வரிசையாக, எது பழசு எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை.

நாலாவது கிண்ணம் ஒரு சுற்றுப் பெரிதாகிவிட்டதாம். "அந்த அக்காகிட்ட குடுத்துடுங்க" என்று தங்கையிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். என் சமையலறையில் இப்போது அதில்தான் கல்லுப்பு.