ஓடும் நீரில் ஒளி

ஒளிவேகத்தை 1 என்று வைத்துக்கொண்டால், சார்பியலில் 0.9 வேகமும் 0.9 வேகமும் சேர்ந்து 0.994. இரண்டையும் கூட்டி, பெருக்கி வந்ததோடு ஒன்றைச் சேர்த்து, அதால் வகுக்க வேண்டும்: 1.8-ஐ 1.81-ஆல். பாதியும் பாதியும் 0.8. ஒன்றோடு எதைச் சேர்த்தாலும் ஒன்றேதான்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வரும் ரயில்களுக்கும் இதே கணக்கு. 200-இல் குறைவது மணிக்குச் சுமார் 1.7 நானோமீட்டர், டி.என்.ஏ. இழையின் தடிமன்கூட இல்லை.

இந்த விதி முதலில் அகப்பட்டது அதிவேகத்தில் அல்ல, தண்ணீர்க் குழாயில். 1851, இயற்பியலாளர் ஃபிசோ. இரண்டு இணைக் குழாய்கள். நீர் எதிரெதிர்த் திசையில், நொடிக்கு 7 மீட்டர். ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஓட்டத்தோடும் மற்றொன்றை ஓட்டத்துக்கு எதிராகவும் அனுப்பி, மறுபடி சேர்த்தார். நீரின் வேகம் முழுதாக ஒளியோடு சேர்ந்திருந்தால் குறுக்கீட்டுப் பட்டைகள் 0.46 பட்டை அளவு நகர்ந்திருக்க வேண்டும். நகர்ந்தது 0.23. ஒளி பரவும் ஊடகம் என்று அன்று கருதப்பட்ட ஈதரை நீர் கொஞ்சம்தான் இழுத்துச் செல்கிறது என்று இயற்பியலாளர் ஃபிரெனெல் 1818-லேயே சொல்லியிருந்தார். அதற்குச் சாட்சியாக இதை எடுத்துக்கொண்டார்கள்.

1905 கட்டுரையில் ஐன்ஸ்டைன் கூட்டல் விதியைத் தருகிறார். ஃபிசோவின் பெயர் அதில் இல்லை. 1907-இல் இயற்பியலாளர் லாவே இரண்டையும் இணைத்தார். நீரில் ஒளியின் வேகம் 0.75. அதோடு நீரின் 7 மீட்டரை மேற்படி விதிப்படி சேர்த்துப் பார்த்தால், கூடுவது ஏறக்குறைய 3 மீட்டர்தான். ஃபிரெனெலின் சூத்திரம் அப்படியே வந்து நிற்கிறது, ஈதரே இல்லாமல்! சார்பியலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. பாடப்புத்தகங்கள் ராக்கெட்டை விட்டுவிட்டு இங்கிருந்து தொடங்கலாம்.

பலர் குழம்பும் ஓரிடம்: ஒளிவேகத்தை ஒட்டி எதிரெதிரே வரும் இரண்டு புரோட்டான் கற்றைகளை ஆய்வகத்தில் நின்று பார்த்தால், அவற்றுக்கு இடையிலான தூரம் ஒளிவேகத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் குறையும். அதில் தவறே இல்லை. அந்த வேகத்தில் எந்தப் பொருளும் போகவில்லை. ஒரு புரோட்டானோடு சேர்ந்து போகிறவர் மற்றதை அளந்தால்தான் கூட்டல் விதி வரும். அப்போது விடை ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

ஒன்றோடு எதைச் சேர்த்தாலும் ஒன்றே என்பதற்கு நேரடிச் சோதனை: 1964, செர்ன் ஆய்வகம். ஆல்வேகரும் குழுவினரும் 0.99975 வேகத்தில் பாயும் நடுநிலைப் பையான் என்னும் துகள்கள் சிதைந்து வரும் காமா கதிர்களின் (அவையும் ஒளிதான்) வேகத்தை அளந்தார்கள். பழைய கூட்டல்படி ஏறக்குறைய 2 வந்திருக்க வேண்டும். அளவீட்டுப் பிழை வரம்புக்குள் வந்தது 1.