தனித் தட்டு வேண்டாம்



ஈஸ்டர் அதிகாலை ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் நாம் சேர்ந்து உண்ணும் காலை உணவைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். லெந்து நாட்களில் ஒரு குருவானவர் உணவைப் பற்றி, அதிலும் கேக்கைப் பற்றி எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். நினைக்கட்டும். நம்முடைய வேதம் உணவைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசுகிற வேதம். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்ட எலியாவிடம் தேவதூதன் முதலில் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். ஆங்கில வேதாகமங்கள் பல அந்த இடத்தில் கேக் என்றே எழுதுகின்றன. நம் முன்னோர் அதை அடை என்று மொழிபெயர்த்தார்கள். எனக்கு இரண்டு சொற்களுமே பிடிக்கும்.

திருநெல்வேலிச் சீமையின் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு அசனம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அண்டாக்களில் சோறு வேகும், ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும். நிலமுள்ளவரும் கூலிக்குச் செல்பவரும் ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே சோற்றை உண்பார்கள். இறையியல் கல்லூரியில் நற்கருணையைக் குறித்து எத்தனையோ நூல்களைப் படித்தேன். ஆயினும் பலர் ஒரே அப்பத்தில் பங்குபெறுவது என்றால் என்ன என்பதை எனக்கு முதலில் கற்பித்தது என் ஊர் அசனப் பந்திதான். அங்கே யாருக்கும் தனிச் சோறு கிடையாது.

அந்தப் பந்தியிலிருந்து இப்போது ஒவ்வொருவராக எழுந்து ஓரமாக நிற்கிறார்கள். ஈஸ்டர் காலையில் இட்லியும் பொங்கலும் ரவைக் கேசரியும் பரிமாறப்படும்போது, "நான் வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறேன் ஐயா" என்று சொல்லி மெல்ல நழுவுகிறவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். 2023 ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவு உள்ளவர்கள் என்று மதிப்பிட்டது. அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். நானும் அந்தப் பத்துக் கோடியில் ஒருவன். ஒன்பது ஆண்டுகளாகக் காலையும் மாலையும் மாத்திரை உட்கொள்கிறேன்.

நம் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். யாரென்று நீங்கள் அறிவீர்கள். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், டீச்சரம்மா என்றே எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிறிஸ்மஸ் காலத்தில் அவருடைய கைப்பட்ட கேக் போகாத வீடு நம் தெருக்களில் குறைவு. அக்டோபரிலேயே திராட்சையும் பேரீச்சையும் நறுக்கிப் பழச்சாற்றில் ஊறப்போடுவார். மாவைக் கலந்து தட்டுகளில் ஊற்றி, பேக்கரிக்கு எடுத்துச் சென்று, அவர்களுடைய அடுப்பில் வேகவைத்துக் கொண்டுவருவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் காலில் ஏற்பட்ட புண் ஆறாமல் அவருடைய இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் கேக் செய்வதை நிறுத்தினார். அடுத்து ஆலய வளாகத்தில் உண்பதை நிறுத்தினார். பின்பு அதிகாலை ஆராதனைக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்.

சென்ற ஈஸ்டருக்கு நம் வாலிபர் சங்கத்தார் அன்போடு ஓர் ஏற்பாடு செய்தார்கள். சுண்டலும் அவித்த முட்டையும் வைத்த தட்டு ஒன்றை மூடி, சர்க்கரை நோயாளிகளுக்கு என்று எழுதி, தனி மேசையில் வைத்தார்கள். அந்த மேசையை ஒருவரும் நெருங்கவில்லை. பிறகு நான் டீச்சரம்மாவின் வீட்டுக்குப் போனபோது அவர் சொன்னார்: "ஐயா, பிள்ளைகள் நல்ல மனசோடதான் செய்தாங்க. ஆனா எனக்குத் தனித் தட்டு வேண்டாம். நெற்றியில சீட்டு ஒட்டி உட்கார வைத்த மாதிரி இருக்கு."

அந்த வார்த்தையோடு நான் வீடு திரும்பினேன். எல்லாரும் உண்ணத்தக்க, எல்லாரும் விரும்பத்தக்க, ஆனால் சர்க்கரையை ஏற்றாத ஒரு பண்டம் ஈஸ்டர் காலைக்கு வேண்டும். பழக் கேக் என்று தீர்மானித்தேன். காரணம் எளிது: அவர் வாழ்நாளெல்லாம் செய்தது அது.

இங்கே உடலைப் பற்றிச் சற்று சொல்ல வேண்டும். என் மனைவி செவிலியர் என்பதால், இவற்றை எங்கள் வீட்டில் நான் கேட்காத நாளில்லை. விடியற்காலையில் உடல் விழித்தெழத் தயாராகும்போது சில சுரப்புகள் பெருகும். அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் விடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இதைச் சமாளிக்கப் போதுமான இன்சுலின் வேலை நடப்பதில்லை. எனவே இரவெல்லாம் ஒன்றும் உண்ணாமலிருந்தும் காலையில் சர்க்கரை உயர்ந்து நிற்கும். அந்த நிலையில் மாவுச்சத்து மிகுந்த உணவு வந்து சேர்ந்தால் அளவு இன்னும் ஏறும். நான்கு இட்லியில் ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்து உண்டு. இட்லி கெட்ட உணவு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இந்த ஊரில் பிரசங்க பீடத்தில் ஏற முடியாது. காலைவேளை மட்டும் கடினமான வேளை என்கிறேன்.

வழக்கமான பழக் கேக் இதில் இன்னும் கடுமையானது. நூறு கிராம் மைதாவில் 75 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. உலர்திராட்சையிலும் ஏறக்குறைய அதே அளவு, பெரும்பாலும் சர்க்கரையாகவே. நம் பக்கத்தில் பலர் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி சேர்த்தால் நோய்க்கு நல்லது என்று உறுதியாக நம்புகிறார்கள். கருப்பட்டியின் சுவைக்கு நான் அடிமை. அதில் தாதுச்சத்துக்களும் உண்டு. ஆனால் அதுவும் பெரும்பங்கு சர்க்கரைதான். தேனும் நாட்டுச் சர்க்கரையும் அப்படியே. மைதாவுக்குப் பதில் கேழ்வரகு என்பார்கள். அதில் நார்ச்சத்து உண்டு, கால்சியம் நிறைய உண்டு. என்றாலும் மாவுச்சத்து நூற்றுக்கு 65 கிராமுக்கு மேல். ஆகவே மாவையே மாற்ற வேண்டியிருந்தது.

முதலில் பாதாம் பருப்பை அரைத்துச் செய்தேன். மனைவி காலைப் பணிக்கு ஆறரைக்கே புறப்பட்டுவிடுவதால் எங்கள் வீட்டுக் காலைச் சமையல் பல ஆண்டுகளாக என்னுடையது. அடுப்பங்கரை எனக்குப் புதிதல்ல. இரண்டு துண்டு கேக்கும் ஓர் அவித்த முட்டையும் உண்டு, இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தேன். 142 காட்டியது. அதே வாரம் இட்லி உண்ட நாளில் 208. ஒருவனுடைய உடல் காட்டிய எண்கள் இவை, உங்களுடையது வேறுபடலாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தக் கேக்கை எடுத்துக்கொண்டு டீச்சரம்மாவின் வீட்டுக்குப் போனேன். ஒரு துண்டை வாயிலிட்டு, விடைத்தாள் திருத்துகிறவரைப்போல நெடுநேரம் மென்றார். "இது கேக்தான் ஐயா. ஆனா கிறிஸ்மஸ் கேக்குன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். பிறகு என்ன சேர்த்தேன் என்று கேட்டார். பாதாமின் விலையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருநூறு பேருக்குப் பாதாமா? நிலக்கடலை இருக்கிற ஊரில் ஏன் ஐயா இவ்வளவு செலவு?" எழுந்து தாங்குகோலை ஊன்றி அடுக்களைக்குப் போனார். மூன்று ஆண்டுகளாக மேற்பலகையிலேயே கிடந்த கேக் தட்டை எடுத்துத் தரச் சொன்னார்.

திபேரியாக் கடற்கரையின் காலை உணவை நினைத்துக்கொண்டேன். உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷருக்காகக் கரிநெருப்பு மூட்டி வைத்திருக்கிறார். அதன்மேல் மீன் ஏற்கெனவே இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. அவர்களுடைய மீன் இல்லாமலும் அந்தக் காலை உணவு நடந்திருக்கும். இருந்தும், அவர்கள் இப்போது பிடித்ததில் சிலவற்றைக் கொண்டுவரும்படி கேட்கிறார். இரவெல்லாம் ஒன்றும் அகப்படாமல் சோர்ந்துபோன கைகள் அவை. அந்தக் கைகளிலிருந்து அவர் வாங்கிக்கொள்கிறார். நோயுற்றோருக்கு உணவு கொண்டுபோய்க் கொடுப்பதில் நம் சபை குறை வைத்ததில்லை. அவர்களிடம் போய், உங்கள் கையிலுள்ளதைத் தாருங்கள் என்று நாம் கேட்பதோ அரிது. அன்று அந்த அடுக்களையில் டீச்சரம்மாவின் குரல் பழையபடி உயர்ந்ததைக் கேட்டபோது, அவருக்கு இத்தனை நாள் எது குறைவாயிருந்தது என்று எனக்குப் புலப்பட்டது.

அவர் திருத்திய முறை இது. 150 கிராம் நிலக்கடலையை நிறம் மாறாமல் வறுத்துத் தோல் நீக்கி, நன்றாக ஆறியபின் மிக்சியில் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். அதோடு 50 கிராம் உலர்ந்த தேங்காய்த்துருவல், ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, பட்டை, சுக்கு, சாதிக்காய்ப் பொடிகள். கிராம்பு இரண்டே இரண்டு. இதில் அவர் மிகக் கண்டிப்பு. நான்கு முட்டைகளை நுரை பொங்க அடித்து, உருக்கி ஆறிய 75 கிராம் வெண்ணெயும் நான்கு மேசைக்கரண்டி கெட்டித் தயிரும் சேர்த்து, மாவைக் கலக்க வேண்டும்.

பழங்களில் ஒரு சிறு ஆப்பிளைத் தோலோடு துருவி, நீரைப் பிழிந்து சேர்க்கலாம். ஆரஞ்சின் மேல்தோலை மட்டும் சீவிப் போட்டால் மணம் வீடெங்கும் நிற்கும். உலர்திராட்சையை முழுவதும் விட்டுவிட எனக்கு எண்ணம் இருந்தது. டீச்சரம்மா சம்மதிக்கவில்லை. 40 கிராம் மட்டும் எடுத்து, மிளகளவுக்குப் பொடியாக நறுக்கி, சூடான கடுந்தேநீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கச் சொன்னார். பொடியாக நறுக்கினால் சிறிதளவே எல்லாத் துண்டுக்கும் போய்ச் சேரும். வேறு சர்க்கரையோ இனிப்பூட்டியோ சேர்ப்பதில்லை. முதல் வாயில் இனிப்பு போதாது என்றே தோன்றும். நாக்கு பழகச் சில நாட்கள் ஆகும்.

ஓவன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி, பத்து நிமிடம் சூடேற்றியபின் தட்டை உள்ளே வைத்துச் சிறுதீயில் முக்கால் மணி நேரம் வேகவிடலாம். ஓவன் என்றால் 160 டிகிரி போதும். கடலைமாவு விரைவில் கருகும். கோதுமையின் பசைத்தன்மை இதில் இல்லாததால் சூட்டோடு வெட்டினால் உதிர்ந்துபோகும். முழுவதும் ஆறவிட வேண்டும். பன்னிரண்டு துண்டாக வெட்டினால், என் கணக்குப்படி ஒரு துண்டில் 7 கிராம் அளவு மாவுச்சத்து. வழக்கமான பழக் கேக்கில் இதே அளவுத் துண்டில் 30 கிராமுக்கும் மேல் இருக்கும்.

சில காரியங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும் சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரைகளை உட்கொள்கிறவர்களும், மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரலாம். உங்கள் மருத்துவரைக் கேட்டபின் உணவை மாற்றுங்கள். லெந்து கால உபவாசத்துக்கும் இதுவே பொருந்தும். மாத்திரை உட்கொண்டுவிட்டு நண்பகல்வரை வெறும் வயிற்றோடிருப்பதைக் கர்த்தர் உங்களிடம் கேட்கவில்லை. நிலக்கடலை ஒவ்வாத பிள்ளைகள் இருந்தால் பெற்றோர் முன்கூட்டியே எனக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்த ஈஸ்டர் காலையில் இட்லி உண்டு, கேசரியும் உண்டு. தனி மேசை கிடையாது. பந்தியில் அமரும் அனைவருடைய இலையிலும், நோயுள்ளவர் இல்லாதவர் என்று பாராமல், முதலில் இந்தக் கேக்கில் ஒரு துண்டு வைக்கப்படும். அதன்பின் அவரவர் தேவைக்கேற்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இதற்கு 18 கேக்குகள் வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு ஆலயச் சமையற்கூடத்தில் கூடுகிறார்கள். டீச்சரம்மா அளவு பார்த்துக் கொடுப்பார். நெடுநேரம் நிற்க அவரால் இயலாது என்பதால் அடுப்பருகே ஒரு நாற்காலி போடும்படி ஆலயப் பணியாளரிடம் சொல்லியிருக்கிறேன். ஏறக்குறைய மூன்று கிலோ நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கியாக வேண்டும். அதற்கு ஆண்களும் வரலாம். நான் வருகிறேன்.