மாஸ்டரை மாற்றினது சரியா?

இரணைமடுச் சந்தியில் ஏ9 வீதியை விட்டுக் குளத்துப் பக்கம் திரும்பியதுமே காற்றில் வைக்கோல் மணம். காலபோக அறுவடை முடிந்திருந்தது. அறுவடை இயந்திரங்கள் ஏறி இறங்கிய தடங்கள் வயல்களில் இன்னும் ஆழமாகக் கிடந்தன. வன்னியில் உதைபந்தாட்டத்துக்கு இது நல்ல காலம். நெல் விற்ற காசு கொஞ்சம் கையில் இருக்கும். சிறுபோகத்துக்கு யாருக்கு எத்தனை ஏக்கர் என்று குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டு முடிக்கும்வரை பொழுதும் இருக்கும்.

நான் போனது போட்டி பார்க்க அல்ல. இங்குள்ள ஒரு கழகத்தில் கோல்காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பவரை மாற்றிவிட்டார்கள், ஊர் இரண்டுபட்டு நிற்கிறது என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். முழு அணிக்கும் பொறுப்பான பயிற்றுநரை மாற்றினால் சத்தம் வருவது எங்கும் நடப்பது. கோலில் நிற்பவருக்கு மட்டும் பயிற்சி கொடுக்கும் ஒருவருக்காக ஊர் வாதாடுகிறது என்றால், அந்த ஊருக்கு விளையாட்டு விளங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்கத்தான் போனேன். கழகத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் தவிர்த்திருக்கிறேன்.

மைதானம் இரணைமடுக் குளத்து வாய்க்காலுக்கு அருகில். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் கட்டத் தொடங்கிய குளம் இது. நூறு வருடம் கழித்துத் திருத்தி, நீர்மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடியாக்கி 2018 டிசெம்பரில் திறந்துவைத்தார்கள். அதே மாதமே பெருமழை வந்து வான்கதவுகளைத் திறக்கவேண்டியதாயிற்று. அந்த வெள்ளம் இந்த மைதானத்தின் மண்ணையும் அள்ளிக்கொண்டு போனதாம். பிறகு கிரவல் போட்டு மேடாக்கியிருக்கிறார்கள். நடுவில் புல் இருக்கிறது. கோல் கம்பங்களுக்கு முன்னால் இல்லை. விழுந்து எழும்பும் வேலை உள்ள இடத்தில்தான் கல் வெளியே தெரிகிறது.

அங்கே மூன்று பெடியன்கள் புதிய பயிற்றுநரோடு நின்றார்கள். அவர் இளம் ஆள், பாடசாலையொன்றில் விளையாட்டுப் பாடம் எடுப்பவர். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு கோல்காப்புப் பயிற்சிக்கென்று தனியாக நடத்தும் படிப்பில் முதற்படியை முடித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் ஒரு பந்தைக்கூடக் கோலுக்குள் அடிக்கவில்லை. பந்தைப் பின்கள வீரர் காலால் திருப்பித் தட்டுவது, கோல்காப்பாளர் அதைக் காலாலேயே வாங்குவது, ஒருமுறை தலையை நிமிர்த்திப் பார்ப்பது, இடப்பக்கமோ வலப்பக்கமோ ஆளுக்குச் சேர்ப்பது. திரும்பத் திரும்ப இதுதான்.

வீரை மரத்தடியில் இருந்த பெரியவர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"கோலிலை நிக்கிறவனுக்குக் கையை விட்டுட்டுக் காலைப் பழக்கிறார். இதென்ன பயிற்சி தம்பி?" என்று ஒருவர் என்னைப் பார்த்தே கேட்டார். எண்பதுகளில் இதே கழகத்துக்கு முன்களத்தில் ஆடியவர். மாற்றப்பட்ட பயிற்றுநர் அவருடைய காலத்துக் கோல்காப்பாளர். ஊரில் எல்லாருக்கும் 'மாஸ்டர்'. இடப்பெயர்வு எல்லாம் முடிந்து ஊர் திரும்பியபோது, வீடு போட முதலே கோல் கம்பம் நட்டவர் என்று அவரைப் பற்றிச் சொன்னார்கள். சம்பளம் வாங்கியதில்லை. கல்லுத் தரையில் பெடியன்கள் விழுந்து இடுப்பு உரஞ்சுகிறது என்று வாய்க்கால் ஓரத்து ஈரமணலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் அங்கே பாயப் பழக்கியிருக்கிறார். பந்து அடிப்பவரின் முகத்தைப் பார்க்காதே, ஊன்றுகிற காலைப் பார் என்பது அவருடைய முதல் பாடம். ஊன்றிய பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பந்து பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும். தண்ட உதைக்கு இன்றைக்கும் எல்லாரும் படிக்கிற பாடம் அது. இங்கே ஒருவர் அதை அனுபவத்தில் கண்டுபிடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இளம் ஆட்களின் பக்கம் கதை வேறு. "அண்ணை, மாஸ்டரை நாங்கள் குறைச்சுச் சொல்லேல்லை. ஆனா போன வருசம் அரையிறுதியிலை என்ன நடந்தது எண்டு கேளுங்கோ" என்றார் பின்களத்தில் ஆடும் ஒருவர். எதிரணி முன்னுக்கு வந்து நெருக்கியபோது இவர் பந்தைக் கோல்காப்பாளருக்குத் தட்டியிருக்கிறார். கோல்காப்பாளர் பதறி வெளியே உதைத்திருக்கிறார். அந்த எறிபந்திலிருந்து கோல். சக வீரர் காலால் திருப்பித் தருகிற பந்தைக் கோல்காப்பாளர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992இல் வந்தது. மாஸ்டர் விளையாடி முடித்த பிறகு வந்த விதி அது. அவருடைய பயிற்சியில் அதற்கு இடமே இருக்கவில்லை என்பது இவர்களின் முறைப்பாடு. என்னைக் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. இன்றைய ஆட்டத்தில் எதிரணியின் தாக்குதலுக்குக் கடைசித் தடையும், நம்முடைய தாக்குதலுக்கு முதல் உதையும் ஒரே ஆளிடம்தான் இருக்கின்றன.

பேச்சு வழக்கம்போலத் தேசிய அணிக்குத் தாவியது. 2022இல் வந்த ஸ்கொட்லாந்துக்காரர் அன்டி மொறிசன் போய், 2024இல் குவைத்தைச் சேர்ந்த அப்துல்லா அல் முதைரி வந்ததைப் பற்றி இந்த மரத்தடிக்குத் திடமான கருத்து உண்டு. நேபாளத்தை 2021இல் தெற்காசியக் கிண்ண இறுதிப்போட்டிவரை கொண்டுபோனவர் அல் முதைரி. இலங்கைக்கு வந்த அதே ஆண்டு செப்ரெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்றுக்கான ஆட்டத்தில் கம்போடியாவைச் சந்தித்தார்கள். கொழும்பில் கோலே இல்லை. புனோம் பென்னில் இரண்டுக்கு இரண்டு. சமநிலை தவிர்ப்பு உதைகளில் இலங்கை வென்றது. கோலில் நின்றவர் அணித்தலைவர் சுஜான் பெரேரா.

"அந்த வெற்றி புதுப் பயிற்றுநருக்கோ, சுஜானுக்கோ?" என்று ஒருவர் கேட்டதும் மரத்தடி மறுபடி இரண்டாகியது. ஒருவர் டக்சன் பியூஸ்லஸின் பெயரைச் சொன்னார். மன்னாரிலிருந்து தேசிய அணியின் பின்களத்துக்குப் போய், 2022 பெப்ரவரியில் மாலைதீவில் காலமான வீரர். 2021 நவம்பரில் மாலைதீவுக்கு எதிராக நான்கு கோல் பின்தங்கியிருந்து, வசீம் ராசிக் அடித்த நான்கு கோலால் நான்குக்கு நான்கு என்று சமன் செய்த ஆட்டத்தையும் இன்னொருவர் எடுத்தார். அப்போதைய பயிற்றுநர் அமிர் அலாகிச் என்பதும் அவருக்கு நினைவில் இருந்தது. இவர்கள் எல்லாரும் வயல் செய்பவர்கள், முச்சக்கரவண்டி ஓட்டுபவர்கள், கடை வைத்திருப்பவர்கள். கொழும்பு மைதானத்தின் படிக்கட்டில் ஏறிப் பார்த்தவர்கள் அவர்களில் மிகச் சிலர். தொலைபேசித் திரையில் பார்த்தே இவ்வளவையும் நெஞ்சில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் ரொறன்ரோவில் இருந்து விடுமுறையில் வந்திருந்த ஒருவர் வாய் திறந்தார். அதுவரை அவர் எந்தப் பக்கமும் பேசவில்லை.

"அங்கை நீள்வட்டப் பந்தை வைச்சு ஒரு ஆட்டம் இருக்கு. கையாலை எறிவினம், பிடிப்பினம், இடிப்பினம். குவார்ட்டர்பேக் எண்டு ஒருத்தன். ஒவ்வொரு தாக்குதலும் அவன்ரை கையிலை இருந்துதான் தொடங்கும். அவனுக்கெண்டு தனிப் பயிற்றுநர். அந்தப் பயிற்றுநரை மாத்தினா சனம் வேலைத்தளத்திலை, ரெயினிலை எல்லாம் இதே மாதிரித்தான் சண்டை பிடிக்கும்."

"எறியிறவனுக்கு மட்டுமோ?" என்று முன்னாள் முன்கள வீரர் நம்பாமல் கேட்டார். ஓம் என்றார் அவர். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு பயிற்றுநர் உண்டு, ஆனால் சண்டை இந்த ஒருவருக்குத்தான் அதிகம் என்றும் சொன்னார். பிறகு அவர் சொன்ன கதைதான் அந்த மாலை முழுவதிலும் எனக்குப் பெரிதாகப் பட்டது. 2024இல் ரொறன்ரோ ஆர்கோநட்ஸ் அணி கனடாவின் கிரே கிண்ண இறுதிக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆட்டத்தில் முதல் குவார்ட்டர்பேக் சாட் கெலிக்குக் கால் முறிந்துவிட்டது. இறுதியில் இறங்கியவர் மாற்று ஆளாக இருந்த நிக் ஆர்பக்கிள். வினிபெக்கை 41க்கு 24 என்று வென்றார்கள். ஆட்டநாயகனும் அவர்தான்.

"முதல் ஆள் நல்லா ஆடினா அது அவன்ரை கெட்டித்தனமாயும் இருக்கலாம். இரண்டாம் ஆள் திடீரெண்டு இறங்கி நல்லா ஆடினா, அவனை ஆரோ பழக்கியிருக்கினம்."

மரத்தடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. எனக்கு 2014 உலகக் கிண்ணக் காலிறுதி ஞாபகம் வந்தது. நெதர்லாந்துக்கும் கொஸ்டாரிக்காவுக்கும் மேலதிக நேரம் முடியும் தறுவாய். நெதர்லாந்தின் பயிற்றுநர் வான் கால் முதல் கோல்காப்பாளர் சிலெசனை வெளியே எடுத்து, ரிம் குருலை இறக்கினார். சமநிலை தவிர்ப்பில் குருல் இரண்டு உதைகளைத் தடுத்தார். அந்த அணியில் கோல்காப்பாளர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் பிரான்ஸ் ஹூக். எல்லாரும் வான் காலின் துணிச்சலைப் பேசினார்கள். வெளியே இருந்த ஒருவரை அந்த ஐந்து உதைகளுக்குத் தயாராக வைத்திருந்த வேலையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அப்போது நான் அந்த மூன்று பெடியன்களைப் பார்த்தேன். மாஸ்டரிடம் பயின்ற முதல் கோல்காப்பாளர் நல்ல உயரம், நல்ல கை, ஊரே நம்புகிற பிள்ளை. வருகிற வருடம் உயர்தரப் பரீட்சை எழுதப்போகிறார். அதன்பிறகு கொழும்போ, வெளிநாடோ. மற்ற இருவரையும் இதுவரை யாரும் கோல்காப்பாளர்களாக எண்ணியதே இல்லை என்று அவர்களே சொன்னார்கள். பந்து பொறுக்கிக் கொடுப்பதுதான் அவர்கள் வேலையாக இருந்திருக்கிறது. அவர்களில் சின்னவருக்குக் கையுறைகூட இல்லை, முதலாமவரின் பழையதைப் போட்டிருந்தார். "இப்ப எனக்கும் அதே அளவு பந்து வருது அண்ணா," என்றார். அவர் அதைச் சொன்ன மகிழ்ச்சியில் எனக்கு இந்த மாற்றம் சரியா பிழையா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது.

மீதி விடைக்கு மாஸ்டரின் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. வாய்க்கால் ஓரமாகவே கொஞ்சத் தூரம். முற்றத்தில் கதிரை போட்டுத் தந்தார், பிளேன்ரீ வந்தது. கோபமாக இருப்பார் என்று நினைத்துத்தான் போனேன். அவருக்குக் கவலைதான் இருந்தது.

"அவன் படிச்ச பெடியன். காலாலை பழக்கிறது தேவைதான், எனக்கு அது தெரியாது. ஆனா பாயப் பழக்கிறதை விட்டிட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. உந்தக் கல்லிலை விழப் பயந்தா பிள்ளை கையை மட்டும் நீட்டுவான். உடம்பு போகாது. உடம்பு போகாட்டி கோல்தான்."

"நீங்களே வந்து சொல்லலாமே, மாஸ்டர்."

"கூப்பிட்டா வருவன்."

இதற்குமேல் அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. கழக நிர்வாகம் செய்த மாற்றம் சரி, செய்த விதம் சரியில்லை. பல வருடம் சம்பளமில்லாமல் உழைத்த ஒருவருக்கு முடிவை ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லியிருக்கிறார்கள். அவர் வீட்டுக்குப் போய், இந்த முற்றத்தில் இருந்து சொல்லியிருக்கவேண்டும். புதியவர் காலையும் கண்ணையும் பழக்கட்டும். ஊன்றும் காலைப் பார்க்கிற பாடத்தையும் ஈரமணலில் பாய்கிற பாடத்தையும் மாஸ்டர் கையிலேயே விடலாம். மூன்று பிள்ளைகளுக்கு இரண்டு பயிற்றுநர் அதிகமில்லை. கோல்காப்பாளர் என்றால் மற்றவர்கள் ஓடிப் பழகும்போது கம்பத்தடியில் தனியே நிற்பவர் என்ற நிலைதான் வன்னியின் பெரும்பாலான மைதானங்களில் இன்றும் இருக்கிறது. கிடைத்த இரண்டு பயிற்றுநரில் ஒருவரை இழக்க இந்த ஊருக்கு வசதி இல்லை.

திரும்பி வந்து மரத்தடியில் மாஸ்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். புதிய பயிற்றுநரும் பயிற்சி முடித்து வந்து நின்றிருந்தார். அவர்தான் முதலில் பேசினார். "நான் போய்க் கூப்பிடுறன். எனக்கும் பாய விடப் பயமாத்தான் கிடக்கு, அதாலைதான் இவ்வளவு நாளும் காலை மட்டும் பழக்கினனான். கோலடியிலை ஒரு லோட் மணல் வேணும்."

"மணல் எடுக்க அனுமதி வேணுமெல்லோ? சும்மா அள்ளினா உழவு இயந்திரத்தோடை பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

"கழகத்தின்ரை பேரிலை கடிதம் குடுப்பம்."

"ஆர் எழுதுறது?"

"ஆர் எழுதினாலும் மாஸ்டரைக் கொண்டு கையெழுத்து வையுங்கோ," என்றார் பின்கள வீரர். அதுவரை மாஸ்டரின் பயிற்சியில் குறை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். உழவு இயந்திரம் யாருடையது, டீசலுக்கு யார் காசு என்று அடுத்த வாதம் தொடங்கியது.